கதவு பூட்டு, சராசரி

இந்திராணி யாரையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிற ஆள் இல்லை. கடைக்காரர் தராசைத் தூக்கினால் எல்லோரும் முள்ளைப் பார்ப்பார்கள், அவள் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். அந்தக் குணம் பாதி பிறவியில் வந்தது, மீதி உத்தியோகம் கொடுத்தது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவள். முதல் பாதி வீடு வீடாக ஏறி மீட்டர் அளவெடுத்தாள். மறுபாதி, அப்படி அளவெடுக்கிறவர்கள் ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பின்னாலேயே போய்ச் சரிபார்த்தாள். தானே அளவு அனுப்பும் மீட்டர்கள் ஊரெல்லாம் வந்து, அவள் வேலைக்கு வேலையே இல்லாமல் போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் திரையில் ஓடிய சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் கை நோட்டைத் தேடிப் பைக்குள் போனது.

கட்டிலில் அவள் கணவர் கலியமூர்த்தி கிடந்தார். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன்னால் மூளையின் அடித்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து விரல் அசைவு கிடையாது, பேச்சு கிடையாது. கண் திறந்திருக்கும், ஆனால் எதையாவது பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. தொண்டையில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய், தலையைச் சுற்றி ஒரு துணிப் பட்டை, காதில் இயர்போன். திருச்சி உறையூர்ப் பக்கம் இருந்த அந்தச் செவ்வந்தி மறுவாழ்வு மையத்தில் பட்டைக்கும் அதன் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ‘செவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செவி என்ன செய்கிறது என்பதை டாக்டர் ஷகிலா பானு பட்டையைக் கட்டிய அன்றே விளக்கியிருந்தாள். நாற்பது வயதிருக்கும், மூளைப் படிப்பில் பெரிய பட்டம் வாங்கியவள், இருந்தும் பொறுமையாகப் பேசுவாள்.

“மழை வருது, குடைய எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னா மூளை பாட்டுக்குச் சும்மா இருக்கும்மா. மழை வருது, பூசணிக்காய எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னா, அந்தப் பூசணிக்காய் காதுல விழுந்து அரை செகண்டுக்குள்ள இந்தத் திரைக் கோட்டுல ஒரு பள்ளம் விழும். ‘என்னடா இது’ங்கற பள்ளம். வார்த்தை புரியறவங்களுக்குத்தான் அது விழும். எதிர்பார்க்காத வார்த்தைன்னா பெரிய பள்ளம், எதிர்பார்த்ததுன்னா பள்ளமே இருக்காது.”

“ரெண்டு கோடு ஓடுதே?”

“நீலம் கம்ப்யூட்டரோட கணிப்பு. உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை அதுக்குள்ள உருவாக்கியிருக்கோம். நீங்க குடுத்த போன்ல இருந்த இருபது வருஷ மெசேஜ், மெயில் எல்லாத்தையும் படிச்சு, இந்த வார்த்தைக்கு அவருக்கு எவ்வளவு பள்ளம் விழணும்னு அது சொல்லும். சிவப்பு அவரோட மூளையே சொல்றது.”

நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடின. குடைக்கு இரண்டும் சும்மா இருந்தன, பூசணிக்காய்க்கு இரண்டும் இறங்கின. அன்றைக்கு இந்திராணி வராந்தாவில் போய் நின்று அழுதாள். மனுஷன் உள்ளே இருக்கிறார் என்ற சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு, இவ்வளவு ஒட்டியா ஓடும் என்று தோன்ற ஆரம்பித்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் குழாய் மாற்றுவதற்காக அவருக்கு மயக்க ஊசி போட்டார்கள். மதியம் வரை முழிக்க மாட்டார் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். பட்டையைக் கழற்ற மறந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு வழக்கமான வாக்கியங்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தன. இந்திராணி சும்மாதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கத்தில் கிடந்தவரின் சிவப்புக் கோடு, பூசணிக்காய் வந்ததும் சமர்த்தாகப் பள்ளம் போட்டது.

பையிலிருந்த நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள், 9.17. ஏழின் நடுவில் ஒரு சின்னக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பினால் ஒரு வீட்டுக் கரண்டு பில்லே தலைகீழாகிவிடும் என்பதால் அளவெடுப்பவர்கள் அப்படிப் போட்டுப் பழகியவர்கள். கல்யாணமான புதிதில் கலியமூர்த்தி அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு, “என்ன, ஏழுக்கெல்லாம் அரைஞாண் கட்டிவிட்டிருக்கே” என்று சிரித்தார். அதைச் சொல்லிச் சொல்லியே பல நாள் கேலி செய்திருக்கிறார்.

டாக்டர் வந்ததும் இந்திராணி நோட்டை நீட்டினாள்.

“மதியம் வரைக்கும் முழிக்க மாட்டார்னாங்க. ஒம்பதே காலுக்கு மேல இவருக்குப் பூசணிக்காய் புரிஞ்சிருக்கு. எப்படின்னு சொல்லுங்க டாக்டரம்மா.”

ஷகிலா திரையைப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கதவைச் சாத்தியதுமே இந்திராணிக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

“தலைக்கு வெளியிலேர்ந்து எடுக்கற சிக்னல் ரொம்பச் சின்னதும்மா. இருமினா, பக்கத்துல மோட்டார் ஓடினா, குப்பை சேர்ந்துடும். அந்தக் குப்பையக் கழிக்க நீலக் கோட்டத்தான் துணைக்கு வச்சிருக்கோம். சிக்னல் சரியாவே வராத நேரத்துல, செவி தானா நிரப்பிக்கும்.”

“எத வச்சு நிரப்பும்?”

“நீலத்த வச்சு.”

“கதவு பூட்டு, சராசரி” என்றாள் இந்திராணி.

டாக்டருக்குப் புரியவில்லை. இந்திராணி நிதானமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் அளவெடுக்கப் போன வீடு பூட்டியிருந்தால் ‘கதவு பூட்டு’ என்று குறித்துவிட்டு, போன தடவை ஓடிய யூனிட்டையே இந்தத் தடவைக்கும் போட்டுவிடுவார்கள். அது விதிதான். ஆனால் வெயிலுக்குச் சோம்பி மாடி ஏறாமல், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு தெருவையே சராசரியில் எழுதி முடித்த ஆசாமிகளும் உண்டு.

“அப்படி ஒருத்தன நான் பிடிச்சேன். ஆள் செத்து எட்டு மாசம், வீட்டுல எலி கூட இல்ல. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தொண்ணூறு யூனிட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அட்டைல.”

ஷகிலாவின் முகம் சிறுத்துப்போனது. “கோடு விட்டு விட்டு வந்தா குடும்பத்துக்காரங்க பயந்துடறாங்கன்னு செவிய செஞ்ச கம்பெனில அப்படி வச்சிட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா எல்லா நேரமும் அப்படி இல்லம்மா. சிக்னல் நல்லா வர்றப்ப சிவப்பு நெசமாவே அவரோடதுதான்.”

“எது நல்ல நேரம்னு சொல்றதும் நீங்கதானே.”



வெள்ளிக்கிழமைக்குள் இந்திராணி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கலியமூர்த்தி இரண்டு தடவை நெஞ்சில் சளி கட்டிப் பிழைத்திருக்கிறார். மூன்றாம் தடவை வந்தால் மூச்சுக்கு மெஷின் வைத்துப் போராடுவதா, அல்லது குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அமைதியாகப் போகவிடுவதா என்பதை இப்போதே எழுதிக்கொடுக்க வேண்டும். படிவத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. ‘நோயாளி உணர்வோடு இருக்கிறார் என நம்புகிறேன் / நம்பவில்லை.’ பொருந்தாததைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது கொலை. ஆள் இல்லாத உடம்பைக் குத்திக் குத்தி வைத்திருந்தால் அதுவும் பாவம். இந்தச் சிவப்புக் கோட்டை நம்பித்தான் அவள் இத்தனை நாள் ஓட்டியிருந்தாள்.

மதியம் கொழுந்தனார் அமிர்தலிங்கம் சாப்பாடு கொண்டுவந்தார். கலியமூர்த்தியின் தம்பி, ஒரே தம்பி. கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி சொன்னதையெல்லாம் கேட்டார்.

“நான் அப்பவே சொன்னேன்ல அண்ணி. ஆள் இருக்கற வரைக்கும்தான் அவங்களுக்குப் படிப்பு, ஆராய்ச்சி எல்லாம். அண்ணன் போயி ஆறு மாசமாச்சு. நம்ம மனசுதான் விடமாட்டேங்குது.”

“கண்ண முழிச்சுக்கிட்டு இருக்காரே தம்பி.”

“அவரு படாத பாடா? ஒரு மொட்டைப் பெட்டிஷனால ஆறு வருஷம் ராமநாதபுரம் பக்கம் தூக்கியடிச்சானுங்க. வரவேண்டிய பிரமோஷனும் போச்சு. கூட வேலை பாத்த அந்தத் தனபால் பய மட்டும் அத எழுதாம இருந்தா அண்ணன் மாவட்ட நூலகராவே ஆகியிருப்பாரு.” அமிர்தலிங்கத்துக்கு அந்தப் பேச்சை எடுக்காமல் சோறு இறங்காது. “விசாரணைக்கு நானும்தான் கூடப் போனேன். பெட்டிஷனக் கையில குடுத்துக் காட்டினாங்க. ரெண்டு தடவ படிச்சாரு. யாரு எழுதினதுன்னு தெரியுதான்னு கேட்டாங்க. தெரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. தனபால்மேல சந்தேகம்னு ஒரு வரி எழுதக் கூடாதா? அதான் அண்ணன். யார்மேலயும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன்.”

இந்திராணி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை.

மறுநாள் ஷகிலா, நிரப்புவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். சிவப்புக் கோடு இப்போது கோணல்மாணலாக நடுங்கிக்கொண்டு ஓடியது.

“நிறுத்திட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“என்ன செஞ்சா நீங்க நம்புவீங்க?”

“மீட்டர்ல சந்தேகம்னா நாங்க வீட்டுக்குள்ள இஸ்திரிப் பெட்டியப் போடச் சொல்லுவோம். அந்த வீட்டு மீட்டர்னா சக்கரம் வேகமாச் சுத்தணும். இவருக்கும் நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்.”

ஷகிலா மைக்கை அவளிடம் கொடுத்தாள். இந்திராணி யோசித்து வைத்திருந்தாள். கலியமூர்த்தி காப்பியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பவர். ஊரில் வேறெவருக்கும் அந்தக் கோணல் புத்தி கிடையாது. ஊருக்கெல்லாம் பள்ளம் விழ வேண்டிய வார்த்தை, அவருக்கு மட்டும் விழக் கூடாது.

“காப்பில உப்பு போட்டு எடுத்துட்டு வரவா?” என்றாள் மைக்கில்.

சிவப்பில் பள்ளம் விழவில்லை. அவள் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அப்புறம் பார்த்தால் நீலத்திலும் விழவில்லை.

“அதுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் இந்திராணி.

ஷகிலா தேடிப் பார்த்து எடுத்துக் காட்டினாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால், குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது கலியமூர்த்தி தம்பிக்கு அனுப்பிய மெசேஜ். ‘பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவா. உப்பு மறக்காதே.’

இந்திராணிக்கு உடம்பு கூசியது. தன் புருஷனைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து யாரோ இருபது வருஷமாக வேவு பார்த்ததுபோல் இருந்தது. போனைக் கொடுத்ததும் அவள், கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

“அவர் யார்கிட்டயும் எழுதாத, பேசாத விஷயமா இருக்கணும்மா” என்றாள் ஷகிலா. “கம்ப்யூட்டர் ஒண்ணு நினைக்கணும், அவர் வேற ஒண்ணு நினைக்கணும். அப்பத்தான் கோடு ரெண்டும் பிரியும். பிரிஞ்சுதுன்னா அது நிரப்பினது இல்ல.”

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது இந்திராணி அந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். எதுவும் தேறவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் எல்லாவற்றையும்தான் பேசியிருக்கிறார்கள், எங்கேயாவது எழுதியும் இருக்கிறார்கள். பேசாதது ஒன்றுதான் இருந்தது. அதை அவள் அவரிடம் மட்டுமல்ல, தெய்வத்திடம்கூடச் சொன்னதில்லை.

மொட்டைப் பெட்டிஷனை எழுதியது தனபால் இல்லை. அவள்தான்.

அப்போது அவளுக்கு முப்பது வயது. கலியமூர்த்தி கிளை நூலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வர எட்டு, எட்டரை ஆகிக்கொண்டிருந்தது. அங்கே ரெஜினா என்று ஒரு உதவியாளர், சின்னப் பெண். அளவெடுத்துவிட்டு இருட்டித் திரும்பிய ஒரு நாள் இந்திராணி நூலகத்தின் மாடி விளக்கு எரிவதைப் பார்த்தாள், ஜன்னலில் இரண்டு தலைகளைப் பார்த்தாள். போய்க் கேட்டிருக்கலாம். வீட்டில் சண்டை போட்டிருக்கலாம். அவள் உத்தியோகப் புத்தியோடு மூன்று நாள் நேரம் குறித்தாள், இடது கையால் கோணலாக எழுதி மேலிடத்துக்குத் தபாலில் போட்டாள். ‘மாலை 7 மணிக்கு மேல் நூலகத்தில் நடக்கும் அசிங்கம்’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம். அவரை ஒரு மிரட்டு மிரட்டுவார்கள், நேரத்தோடு வீட்டுக்கு வருவார் என்று நினைத்தாள். மாற்றல் உத்தரவு வந்தது. ரெஜினா வேலையையே விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண் துறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள், இவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அது ஒரு வருஷம் கழித்து இந்திராணிக்குத் தெரியவந்தது. தெரிந்தபோது சொல்லக்கூடிய நாள் தாண்டிவிட்டிருந்தது.

குடும்பத்து மெசேஜ்களில் தனபால் பெயர் நூறு தடவை வந்திருக்கும். அத்தனையும் அமிர்தலிங்கம் எழுதியது. கம்ப்யூட்டர் தனபாலைத்தான் எதிர்பார்க்கும். நான் என்று சொன்னால் நீலமும் இறங்கும், அவருக்கும் இறங்கும். ஆனால் அவருக்கு இறங்குவது வேறு மாதிரி இருக்கும், நாற்பது வருஷம் கூடப் படுத்தவளே தன் தலையில் கல்லைப் போட்டாள் என்று தெரிகிற பள்ளம் இருபது வருஷ மெசேஜைப் படித்த எந்தக் கம்ப்யூட்டர் கணிப்பிலும் அடங்காது என்று அவளுக்குப் பட்டது. இஸ்திரிப் பெட்டி என்றால் இதுதான். சக்கரம் சுற்றுவதை அவள் கண்ணாலேயே பார்த்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஷகிலாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு அந்நியப் பெண்ணிடம். ஷகிலா முழுவதையும் கேட்டாள்.

“இத அவர்கிட்டச் சொல்லித்தான் ஆகணுமாம்மா? அவர் உள்ள இருந்தார்னா, கோபம் வந்தாலும் அவரால முகத்தத் திருப்பிக்கக்கூட முடியாது.”

“தெரியும்.”

“வேற ஏதாவது…”

“வேற ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. இதக்கூடச் சொல்லாம நான் எப்படி அவரு தலையெழுத்துல கையெழுத்துப் போடறது?”

அமிர்தலிங்கம் வராந்தாவில் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தினார்கள். ஷகிலா முதலில் சாதாரண வாக்கியங்களைப் போட்டாள். குடை, பூசணிக்காய், இன்னும் நாலைந்து. சிவப்பு நடுங்கினாலும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. இந்திராணி அதை நம்பவில்லை. மைக்கை எடுத்தாள். முதலில் பொய்யைச் சொல்வது, சக்கரம் சும்மா நிற்கிறதா என்று பார்ப்பது, பிறகு நிஜத்தைச் சொல்வது என்று மனசுக்குள் வரிசை வைத்திருந்தாள்.

“என்னங்க, நான்தான் பேசறேன். உங்களுக்கு மாத்தல் ஆச்சே, அந்தப் பெட்டிஷன எழுதினது தனபால்.”

நீலம் அசையவில்லை. சிவப்பு சடாரென்று இறங்கியது, பூசணிக்காயைவிட ஆழமாக.

“என்ன இது?” என்றாள் இந்திராணி.

ஷகிலா நெற்றியைச் சுருக்கினாள். “குப்பையா இருக்கலாம். தொடர்ந்து சொல்லுங்க. ஒரு தடவதான் சொல்ல முடியும்மா, திரும்பச் சொன்னா அது புதுசா இருக்காது.”

இந்திராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் கழுத்துக் குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்தப் பெட்டிஷன எழுதினது நான்.”

நீலம் தடாலென்று கீழே போனது. கம்ப்யூட்டருக்குள் இருந்த கலியமூர்த்தி ஆடிப்போய்விட்டார். சிவப்பு குடைக்குப் போனதுபோல் நேராகப் போனது. பள்ளமும் இல்லை, குழியும் இல்லை.

“அவரு கேக்கலையா?” என்றாள் இந்திராணி. “தூங்கிட்டாரா?”

ஷகிலா உடனே இன்னொரு வாக்கியத்தை ஓடவிட்டாள். ‘சோத்துல ரசம் ஊத்திச் செருப்பைப் பிசைஞ்சு சாப்பிட்டான்.’ செருப்புக்குச் சிவப்பு இறங்கியது. அவர் விழித்திருந்தார், கேட்டுக்கொண்டிருந்தார். ஷகிலா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இந்திராணியைப் பார்த்தாள்.

“ரெண்டு வாக்கியத்துக்கும் கோடு ரெண்டும் நேர் எதிராப் போயிருக்கு. நிரப்பினதா இருந்தா இப்படி வரவே வராது. குப்பையாவும் தெரியல. அவர் உள்ளதாம்மா இருக்கார்.” பிறகு குரலை இறக்கினாள். “தனபால்னதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. நீங்கன்னதும் ஒண்ணுமில்ல. அவருக்கு இது தெரிஞ்சிருக்கு.”

“வாய்ப்பே இல்ல.”

“அம்மா…”

“நான் இடது கையால எழுதினேன். தபாலக்கூட ஸ்ரீரங்கம் போயிப் போட்டேன். ஒரு பேச்சு, ஒரு பார்வை… முப்பத்துநாலு வருஷத்துல ஒரு தடவ கூட அவரு கேட்டதில்ல. உங்க மெஷின்லதான் கோளாறு.”

இந்திராணி கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அமிர்தலிங்கம் எழுந்து இடம் விட்டார்.

“என்ன அண்ணி, என்ன சொல்றாங்க?”

“படிவத்தக் குடுங்க தம்பி.”

மடியில் வைத்துப் பார்த்தாள். நம்புகிறேன், நம்பவில்லை. எதை அடிப்பது என்று அவளுக்கு இன்னும் நிச்சயமில்லை. ஒரு கம்பெனி சொன்னதை, அதுவும் ஒரு தடவை பிடிபட்ட கம்பெனி சொன்னதை, எந்த நம்பிக்கையில் எடுத்துக்கொள்வது? முதலில் தேதியையாவது போடலாம் என்று பேனாவைத் திறந்தாள். ஜூலை பதினேழு. ஒன்று போட்டாள். ஏழு போட்டு, நடுவில் கோடு இழுத்தாள். பக்கத்தில் மாதத்துக்கு இன்னொரு ஏழு, அதற்கும் ஒரு கோடு. கை தானாகச் செய்தது.

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

மாலை 7 மணிக்கு மேல். அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாள், மூன்று நாள் குறித்த நேரம். எழுத்தைக் கோணலாக்கினாள், கையை மாற்றினாள், ஊர் மாறிப் போய்த் தபாலில் போட்டாள். 7-ஐ அவள் நினைக்கவே இல்லை. இடது கையும் அதே கோட்டைத்தான் இழுத்திருக்கும்.

“தம்பி, விசாரணைல அவரு பெட்டிஷன ரெண்டு தடவ படிச்சாருன்னீங்களே.”

“ஆமா அண்ணி. முதத் தடவ வேகமாப் படிச்சாரு. அப்புறம் ஒரு இடத்துல வெரல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அப்புறம்தான் தெரியலன்னு எழுதிக் குடுத்தாரு. ஏன் கேக்கறீங்க?”

இந்திராணிக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. அந்த வருஷத்துக்கு அப்புறம் அவர் அவள் போடும் 7-ஐக் கேலி செய்ததே இல்லை. அரைஞாண் என்ற பேச்சு அந்த வீட்டில் நின்றுபோயிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து மாதம் ஒரு தடவை வருவார், சாப்பாட்டு மேஜையில் அவளுடைய நோட்டு திறந்தே கிடக்கும், அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு இலை போடச் சொல்வார். எல்லா வீட்டிலும் எதையாவது கண்டுபிடித்தவள், தன் வீட்டில் இது நின்றுபோனதைக் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

‘நம்பவில்லை’ என்பதை அழுத்தி அடித்துவிட்டாள், ‘நம்புகிறேன்’ மட்டும் நின்றது. கையெழுத்துப் போட்டாள். அமிர்தலிங்கம் படிவத்தை எட்டிப் பார்த்தார். அவரிடமும் சொல்ல வேண்டும். ரெஜினா எங்கே இருக்கிறாள் என்று தேடவும் வேண்டும். ஆனால் முதலில் வேறொரு வேலை இருந்தது.

அறைக்குள் ஷகிலா இன்னும் திரைக்கு முன்னால்தான் இருந்தாள். இந்திராணி கட்டிலுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கணவரின் கண் எந்த இடத்தைப் பார்த்துத் திறந்திருந்ததோ அந்த இடத்தில் குனிந்து நின்றாள். படிவத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தேதிமேல் விரலை வைத்தாள். மைக்கை எடுத்துக்கொண்டாள்.

“பாருங்க. ஏழுக்கு அரைஞாண் கட்டியிருக்கேன்.”

“அம்மா,” என்றாள் ஷகிலா பின்னாலிருந்து, “சிவப்பு…”

“வேண்டாம் டாக்டரம்மா” என்றாள் இந்திராணி. “சொல்லாதீங்க.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.